சும்மா இருப்பது எப்படி: ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும் முழு வழிகாட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் எந்த வேலையும் செய்யப்போவதில்லை என்று வீட்டில் அறிவித்தேன். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பால்கனியில் போய் உட்கார்ந்தேன். ஏழேகாலுக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் தூசி கண்ணில் பட்டது. துடைத்தேன். துடைத்த துணியை அலசப் போனால் குளியலறை வாளியின் விளிம்பில் உப்புப் படிந்திருந்தது. பத்து மணிக்கு ஏணிமேல் நின்று, பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தேன். மாலையில் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்ட கணவர், "நாளைக்கு அலுவலகம் போய் ஓய்வெடுத்துக்கொள்" என்றார்.

சென்னையின் தெற்குப் புறநகரில் குடியிருக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர் வேலை பார்த்தேன். மனம் வைத்தால் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது மனம் சார்ந்த விஷயமே இல்லை என்பது அந்த ஏணிமேல் நின்றபோது புரிந்தது. கல்யாணத்துக்குப் பந்தற்கால் நடுவதுபோல இதற்கும் முன்னேற்பாடு வேண்டும். அன்று யார் சமைப்பது, மணி அடித்தால் யார் கதவைத் திறப்பது, போன் எங்கே இருக்கும், பணம் எங்கிருந்து வரும் என்று முதலிலேயே முடிவாகவில்லை என்றால், எவ்வளவு நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாலும் பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடுவீர்கள்.

ஒரு ஞாயிறு மட்டும் போதும் என்பவர்கள் இரண்டாம் படியைத் தாண்டிப் போகலாம். வேலையைக் குறைக்க வேண்டும், விட வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள் அந்தப் படியில்தான் அதிக நேரம் உட்கார வேண்டும்.

படி 1: ஒரு வாரத்துக்கு நேரக் கணக்கு

நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுங்கள். அரை மணிக்கு ஒரு வரி. "7.00 – மாவு வாங்கப் போனது", "9.30 – போன்". அவ்வளவுதான். ஏழு நாட்களும் விடாமல் எழுத வேண்டும். இதற்குச் செயலி எதையும் தரவிறக்க வேண்டாம். போனைத் திறந்தால் எழுதவந்ததை மறந்து அங்கேயே குடியேறிவிடுவோம்.

வாரக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். என் கணக்கில் உறக்கம் 44, வேலையும் அதற்கான பயணமும் 78, வீட்டு வேலை 27 என்று வந்தது. மீதி 19 மணி நேரம். நேரமே இல்லை என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தவளுக்கு இது அதிர்ச்சிதான். அந்த 19இல் 14 போனில் போயிருந்தது, அதுவும் பத்துப் பத்து நிமிடங்களாக. எஞ்சிய ஐந்தில் மூன்று, தூரத்து உறவினர் ஒருவரின் கிரகப்பிரவேசம்.

இந்த நோட்டை வீட்டில் உள்ள மற்றவர்களும் எழுதினால் மிகவும் நல்லது. என் மகன் இரண்டு நாள் எழுதிவிட்டு, தன் மீதிநேரம் நூறைத் தாண்டும் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

படி 2: உங்கள் ஒரு மணி நேரம் எவ்வளவுக்கு விலைபோகிறது?

என் கைக்கு வந்த மாதச் சம்பளம் 42,000 ரூபாய். 25 நாள், நாளுக்கு 9 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 187 ரூபாய். தாளில் பார்க்க இது மோசமில்லை. ஆனால் புறநகர் ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் போய்வர மூன்று மணி நேரம். இரவில் வரும் அலுவலக அழைப்புகளும் காலையில் கிளம்பும் பரபரப்புமாக இன்னொரு மணி நேரம். ஆக, வேலைக்காக நான் கொடுத்தது நாளுக்கு 13 மணி நேரம், மாதத்துக்கு 325.

செலவுப் பக்கம் வாருங்கள். பயணத்துக்கு 2,400. வெளியே சாப்பாடு, டீ, பிறந்தநாள் கேக்குக்கு வசூல் எல்லாம் சேர்த்து 2,600. வேலைக்கு உடுத்தும் துணிமணி, அதற்கு இஸ்திரி 1,000. நேரமில்லாததால் கடையில் வாங்கிய மாவு, நறுக்கிய காய், வாரத்தில் இரண்டு இரவு வரவழைத்த உணவு 3,500. மொத்தம் 9,500. சம்பளத்தில் இதைக் கழித்தால் 32,500. அதை 325ஆல் வகுத்தால், மணிக்குச் சரியாக நூறு ரூபாய்.

இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு ரூபாய் குறைவு என்பதால் மட்டும் அல்ல. இருபத்திரண்டு ஆண்டுகள் ஊரார் கணக்கையெல்லாம் பார்த்தவள் என் கணக்கை ஒருநாளும் பார்க்கவில்லையே என்பதால்.

அடுத்து, 'போதும்' என்ற சொல்லுக்கு ஓர் எண் கொடுங்கள். மாதச் செலவை மூன்று பத்தியாக எழுதுங்கள்: இல்லாவிட்டால் முடியாதது, இருந்தால் நன்றாக இருப்பது, ஊர் பார்வைக்குச் செய்வது. மூன்றாவது பத்தி எல்லா வீட்டிலும் நாம் நினைத்ததைவிட நீளமாகவே வரும். ஆனால் ஓர் எச்சரிக்கை. மொய்யை அந்தப் பத்தியில் போட்டுவிடாதீர்கள். மொய் என்பது நோட்டில் ஏறிய கடன். நம் வீட்டு விசேஷத்துக்கு வந்ததைத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். அதில் கைவைத்தால் சும்மா இருக்கும் நேரமெல்லாம் சமாதானம் பேசுவதில் போய்விடும்.

வேலையைக் குறைப்பதற்கு முன் நான்கு விஷயங்கள் உறுதியாக வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்க வேண்டும். வீட்டுக் கடன் தவிர வேறு மாதத் தவணை எதுவும் இருக்கக் கூடாது. நிறுவனம் எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். தனிப்பட்ட காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால், அதை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கடைசியாக, வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்கக் கூடாது. வேலையை விட்டவுடன் அந்தப் பணத்தில் ஒரு கார் வாங்கிவிட்டு, காருக்கு டீசல் போட மறுபடி வேலைக்குப் போனவரை எனக்குத் தெரியும்.

நான் வேலையை முழுவதும் விடவில்லை. இப்போது எங்கள் பகுதியில் உள்ள சில கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறேன். மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி ஒன்று என்று இரண்டு கெடுக்கள். ஆகவே மாதத் தொடக்கத்திலிருந்து 20 வரை வேலை இருக்கும். 21ஆம் தேதி காலை என் வீட்டுக் கடிகாரத்தின் ஓசையே மாறிவிடும். வருமானம் 24,000, வேலைக்கான செலவு ஆயிரம் போக 23,000. மாதம் ஏறத்தாழ 110 மணி நேரம் உழைக்கிறேன். மணிக்கு 209 ரூபாய். சம்பளம் 18,000 குறைந்துவிட்டது என்று என் அண்ணன் இன்றும் வருத்தப்படுகிறார். உண்மையில் குறைந்தது 9,500தான். அதற்கு மாதம் 215 மணி நேரம் வாங்கியிருக்கிறேன். இவ்வளவு மலிவாக நான் வேறு எதையும் வாங்கியதில்லை.

எல்லோருக்கும் இந்தக் கணக்கு இப்படி முடியாது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து வருமானத்தில் பெரும்பகுதியை விழுங்கும் வீட்டில் 'போதும்' என்பதற்கு இடமே இல்லை. அவர்களிடம் போய் மெதுவாக வாழுங்கள் என்று சொல்வது திமிர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் உண்டு.

படி 3: அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்

சோம்பலின் இன்பத்தைப் பற்றி அழகாகப் பேசும் ஆண்களைக் கண்டால் எனக்கு ஒரு கேள்வி எழும்: அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தது யார்?

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். இதில் இன்னொரு விஷயம், பெண்களில் ஐந்தில் நான்கு பேர் இந்த வேலையைச் செய்தார்கள், ஆண்களில் நான்கில் ஒருவர்தான். ஒருவர் சும்மா இருக்கும் வீட்டில் இன்னொருவர் இரண்டு மடங்கு ஓடுகிறார் என்றால் அதற்குப் பெயர் ஓய்வு இல்லை, வேலையைத் தள்ளிவிடுதல்.

நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமைதான் சமையலறைக்கு மிகப் பெரிய நாள். காலையில் கறிக்கடை வரிசை, பிறகு மசாலா அரைப்பது, மதியம் குழம்பு, வறுவல், ரசம், மாலையில் மலைபோல் பாத்திரம். முதலில் உடைக்க வேண்டியது இதைத்தான். எங்கள் வீட்டில் கறிக்குழம்பு சனி இரவுக்கு மாறியது. ஞாயிறன்று காலை அடுப்பு எரியாது.

அதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சனி மதியம் புழுங்கல் அரிசிச் சோறு இரண்டு ஆழாக்கு கூடுதலாக வடியுங்கள். இரவு எட்டு மணி வாக்கில், நன்றாக ஆறிய சோற்றை மண்சட்டியில் போட்டு, சோற்றுக்கு மேல் இரண்டு விரல் அளவு தண்ணீர் நிற்கும்படி ஊற்றி மூடிவையுங்கள். சென்னை வெயில் காலத்தில் எட்டு மணி நேரமே போதும். மார்கழியில் பன்னிரண்டு வரை போகலாம். தயிரை இரவே கலக்காதீர்கள், புளித்துக் கெடும். காலையில் உப்பும் மோரும் சேர்த்துப் பிசைந்தால் ஆயிற்று. சின்ன வெங்காயம், மோர் மிளகாய், முதல் நாள் குழம்பைச் சுண்டவைத்தது. சின்ன வெங்காயத்தைச் சாப்பிடுகிறவரே உரித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பழைய சோறு சாப்பிட்டவருக்குச் சும்மா இருக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது கூடுதல் லாபம்.

மதியத்துக்கு ஓர் ஆண் சமைக்கட்டும். எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் இதில் ஒரு தந்திரம் நடக்கிறது: "பெருங்காயம் எங்கே, வெந்தயம் எங்கே" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வி வரும். டப்பாக்களின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஒட்டியும் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். பெருங்காயம் இல்லாத சாம்பாரால் யாரும் இறந்ததில்லை.

படி 4: போனுக்கு ஒரு தொட்டில்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது எல்லோரும் பேசும் விஷயம். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு, பள்ளிக் குழு, குடியிருப்புக் குழு, அலுவலகக் குழு எல்லாவற்றையும் ஒலியடக்குங்கள். 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தேர்வுகள் இருக்கும், மூன்றாவதைத் தொடுங்கள். செய்தியைப் படித்ததைக் காட்டும் நீல நிறக் குறியை அணைத்துவிடுங்கள்; பார்த்தும் பதில் போடவில்லை என்ற சண்டை மிச்சம். நேரம் பார்க்கவும் காலையில் எழுப்பவும் பழைய அலாரக் கடிகாரம் ஒன்று வாங்குங்கள். போன் படுக்கையறைக்குள் நுழைய இருந்த நியாயமான காரணம் அது ஒன்றுதான்.

அவசரத்துக்கு யாராவது அழைத்தால் என்ற பயம் எனக்கும் இருந்தது. அதற்காக மணியோசையை மட்டும் விட்டுவைத்து, போனைச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடையில் வைத்தேன். மூன்று ஆண்டுகளில் ஞாயிறு காலையில் வந்த உண்மையான அவசர அழைப்புகள் இரண்டு. ஒன்று பக்கத்து வீட்டுக்காரரின் நெஞ்சுவலி. அதற்கும் அவர் மனைவி போன் செய்து ஓய்ந்து, கடைசியில் கதவைத்தான் தட்டினார்.

படி 5: உட்கார ஓர் இடம்

என் மாமியாருக்கு எழுபத்தாறு வயது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், இரண்டு பக்கமும் திண்ணை வைத்த ஓட்டு வீட்டில் வளர்ந்தவர். சும்மா இருப்பதற்காக ஒருவர் வீடு கட்டினால் அதில் முதலில் வரவேண்டியது திண்ணைதான் என்று அவர் பேச்சைக் கேட்ட பிறகு எனக்குத் தோன்றியது. திண்ணை வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை. உள்ளே இருந்தால் வேலை கண்ணில் படும். தெருவில் நின்றால் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். திண்ணையில் இருப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. வழிப்போக்கர் வந்து உட்கார்ந்தால் தண்ணீர் கொடுப்பார்களே தவிர, என்ன வேலையாக வந்தீர்கள் என்று முதல் கேள்வியாகக் கேட்பது மரியாதை இல்லை. பெண்கள் பகல் பொழுதில் தெருத் திண்ணையில் உட்கார முடிந்ததா என்றும் அத்தையிடம் கேட்டேன். "மத்தியானம் ஆண்கள் தூங்கிய பிறகு" என்றார்.

மனை விலை சதுர அடிக் கணக்குக்கு வந்தபோது திண்ணை போயிற்று. அடுக்குமாடியில் நமக்குக் கிடைத்தது மூன்றடிப் பால்கனி. அதிலும் பாதி துணிக்கொடி. ஆகவே இடத்தை நாமே உண்டாக்க வேண்டும். இரண்டு விதிகள் போதும். உட்காரும் இடத்திலிருந்து செய்ய வேண்டிய வேலை எதுவும் கண்ணில் படக்கூடாது. வானமோ மரமோ தெருவோ, தானாக அசையும் ஏதாவது ஒன்று தெரிய வேண்டும். துவைக்கும் இயந்திரத்தை நான் குளியலறைக்குள் தள்ளினேன். கித்தான் துணி போட்ட பழைய சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கினேன். அதில் ஒரு வசதி, உட்கார்ந்துவிட்டால் சட்டென்று எழுந்திருக்க முடியாது. தரையில் உட்காரப் பழகியவர்களுக்குக் கோரைப்பாயே மேல்.

படி 6: முதல் மூன்று மணி நேரம்

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடங்கள் நன்றாக இருக்கும். பிறகு கை தானாகப் போனைத் தேடும், சட்டைப்பை இல்லாத புடவையில்கூட. அரை மணிக்குள் வேலைகள் வரிசையாக நினைவுக்கு வரும்: மின்கட்டணம், வாயு சிலிண்டர், எப்போதோ பதில் போடாத கடிதம். பக்கத்தில் ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். நினைவுக்கு வந்ததை எழுதிவிட்டு அப்படியே உட்காருங்கள். எழுந்து செய்யக் கூடாது. தாளில் ஏறிய வேலை தலையை விட்டு இறங்கிவிடும்.

அடுத்து தூக்கம் வரும். வந்தால் தூங்குங்கள். முதல் நான்கு ஞாயிறும் நான் தூங்கித்தான் கழித்தேன். வாரத்துக்கு 44 மணி நேரம் உறங்கியவளுக்கு அது கடன் அடைப்பு. அந்தக் கடன் தீரும்வரை மற்றது எதுவும் தொடங்காது.

தூக்கம் தீர்ந்த பிறகு வருவதுதான் கடினமானது. குற்ற உணர்ச்சி. தண்டச்சோறு, வெட்டி ஆபீசர், துரும்பைக் கிள்ளிப் போடாதவள் என்று சிறு வயதில் கேட்ட அத்தனை வசவும் காதில் ஒலிக்கும். வள்ளுவரே சோம்பலுக்கு எதிராக 'மடியின்மை' என்று ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறாரே என்று எனக்குள் இருந்த தமிழ் ஆசிரியை நினைவுபடுத்தினார். ஆனால் அதே வள்ளுவர், ஏழு அதிகாரம் தள்ளி வினைசெயல்வகையில் வேறொன்றும் சொல்கிறார்: காலம் தாழ்த்திச் செய்ய வேண்டியவற்றைத் தாழ்த்தியே செய்க, தாழ்த்தாமல் செய்ய வேண்டியவற்றில் தாழ்த்தாதே. அவர் அங்கே போட்டிருக்கும் சொல் 'தூங்குக'. தாமதித்துச் செய்க என்று பொருள். பத்துக் குறளையும் மனப்பாடம் செய்யச் சொன்ன பள்ளிக்கூடம் இந்த ஒன்றை ஏன் அழுத்திச் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

குற்ற உணர்ச்சியுடன் வாதாட வேண்டாம். அதற்குச் சுமார் நாற்பது நிமிடம் ஆயுள். அதற்குப் பின் வருவது அலுப்பு. அலுப்பிலும் எழுந்துவிடாமல் உட்கார்ந்திருந்தால், ஒரு கட்டத்தில் எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் வந்து உட்காரும் காகம் ஒரே காகம்தானா, வேறு வேறா என்று பார்க்கத் தொடங்குவீர்கள். எனக்கு அது ஆறாவது ஞாயிறு. ஒரே காகம். இடது காலில் ஒரு விரல் இல்லை. மூன்றாண்டுகளாக அதே தொட்டிக்கு வருகிறது.

இந்த நேரத்தில் தியானம், யோகா, டைரி, தையல் எதையும் நுழைக்காதீர்கள். அவை நல்லவைதான், ஆனால் அவையும் வேலைகள். நன்றாகச் செய்தோமா என்று பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

படி 7: "இப்போது என்ன செய்கிறீர்கள்?"

கல்யாண வீட்டில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "சும்மாதான் இருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு துக்க வீட்டுக் களை வரும். என் சித்தி ஒருமுறை கைப்பையிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார்.

இந்தச் சொல்லை நாம் எப்படியெல்லாம் புழங்குகிறோம் என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. காரணம் இல்லாமல் வந்தாலும் சும்மா வந்தேன். விலையில்லாமல் கிடைத்தாலும் சும்மா கிடைத்தது. பொய் சொன்னாலும் சும்மா சொன்னேன். நாள் முழுக்க வீட்டில் மாடாக உழைக்கும் பெண்ணைக் கேட்டாலும் "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்று கணவர் சொல்வார். ஒன்றும் செய்யாமல் உண்மையாகவே இருப்பவரைக் குறிக்க மட்டும் அந்தச் சொல் மரியாதையோடு பயன்படுவதில்லை. அதற்குச் சாமியாராக வேண்டும்.

நடைமுறையில் மூன்று பதில்கள் உதவும். உறவினருக்கு: "கணக்கு எழுதுகிறேன், வீட்டிலிருந்தே." இது உண்மை, மேலும் கேள்வி வராது. நெருங்கிய நண்பருக்கு முழுக் கணக்கையும் சொல்லலாம். அவரும் தன் மணிக்கூலியைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுப் பத்து நாளில் போன் செய்வார். "நீதான் வீட்டில் சும்மா இருக்கிறாயே, கொஞ்சம் கடைக்குப் போய் வாயேன்" என்று வேலை கொடுப்பவர்களுக்கு: "ஞாயிறு எனக்கு முடியாது." காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதற்கு ஒரு மாற்று வழி சொல்வார்கள்.

அலுவலகத்துக்கும் இதே பதில்தான். இங்கே கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் குரலில் ஒரு திடம் வரும். ஞாயிறு விடுமுறை நமக்கு யாரும் சும்மா கொடுத்ததில்லை. 1884இல் பம்பாயில் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய நாராயண் மேகாஜி லோகண்டே ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 1890 ஜூனில்தான் அங்குள்ள ஆலைகளில் வார விடுமுறை கிடைத்தது. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடினார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும் மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் கொடி ஏற்றிய நாளிலிருந்து எண்ணினால் சரியாக நூறு ஆண்டுகள்.

இன்னொன்றும் உண்டு. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழகத்தில் சட்டம் வந்தது 2021இல்தான். சும்மா இருப்பது அப்புறம். வேலை நேரத்தில் ஐந்து நிமிடம் உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, விற்பனைப் பெண்ணுக்குப் பின்னால் முக்காலி இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இருந்தால், உங்களுக்கு அவசரமில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

படி 8: வாரநாட்களை மெதுவாக்குவது

ஞாயிறு நிலைபெற இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை மற்ற நாட்களில் கைவைக்க வேண்டாம். பிறகு ஒரு சில மாற்றங்கள் தாமாகவே வரும். ஒரு நாளுக்கு ஒரு வெளிவேலை என்று வைத்துக்கொண்டேன்; தபால் நிலையம் போகும் நாளில் காய்கறிச் சந்தை கிடையாது. ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகிறேன். சாப்பிடும்போது தொலைக்காட்சி இல்லை.

பயணத்தில் மட்டும் நாம் மெதுவை ஏற்கெனவே மதிக்கிறோம் என்பது எனக்குப் பிடித்த முரண். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பல்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து ஏறும் அந்த ரயிலில் இடம் கிடைக்க, முன்பதிவு திறந்தவுடன் அவசர அவசரமாக மோதிக்கொள்கிறோம்.

எப்போது நிறுத்த வேண்டும்

சும்மா இருப்பவருக்குப் பசிக்கும், சிரிப்பு வரும், மாலையில் யாரையாவது பார்க்கத் தோன்றும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டம் இல்லாமல், குளிக்கவும் மனமின்றி, உறக்கம் கெட்டோ மிகுந்தோ ஒருவர் படுத்தே கிடந்தால் அது வேறு. அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். வேலை இழந்து வீட்டில் இருப்பவரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் சும்மா இருக்கவில்லை, காத்திருக்கிறார். அதைவிடக் களைப்பான வேலை கிடையாது.

ஒரு நாள் விடாமல் மதியமே மதுப்புட்டியைத் திறப்பவருக்கும் இந்த வழிகாட்டி பொருந்தாது.

கடைசிப் படி: வீட்டில் இன்னும் உட்காராதவர் யார்?

எல்லா ஏற்பாடும் சரியாக நடந்து பல மாதங்களுக்குப் பிறகுதான் இதைக் கவனித்தேன். கணவர் சமைக்கிறார், மகன் பாத்திரம் தேய்க்கிறான், நான் காகத்தைப் பார்க்கிறேன். அத்தை மட்டும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பஞ்சைப் பிரித்துத் தொடையில் உருட்டி விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். திரி போதும் என்றால் அரிசியில் கல் பொறுக்கினார். இப்போதெல்லாம் அரிசியில் கல்லே வருவதில்லை என்று சொன்னதற்கு, "பார்த்தால்தானே தெரியும்" என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிறன்று பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாய்வு நாற்காலியில் அவரை உட்காரவைத்தேன். முதலில் கால்களைத் தொங்கவிடத் தெரியாமல் நுனியில் உட்கார்ந்திருந்தார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. மடியில் வைத்தார், எடுத்தார், முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். நான் கோரைப்பாயில் படுத்துக்கொண்டேன். எதிர்வீட்டுத் தொட்டியில் காகம் வந்து உட்கார்ந்தது. கால் மணி நேரம் இருவரும் பேசவில்லை.

"ஏம்மா," என்று அத்தை கூப்பிட்டார்.

"சொல்லுங்கள் அத்தை."

"இது எத்தனை மணிக்கு முடியும்?"